கண்ணாடிக்குள் ஒரு குளம்

மழைக்காலத்தில் வாய்க்காலில் துண்டை விரித்து மீன் பிடிக்காத சிறுவர்கள் நம் ஊர்களில் குறைவு. நீங்களும் பிடித்திருப்பீர்கள். அகப்பட்ட கெண்டைக் குஞ்சுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வீட்டுத் திண்ணையில் வைத்து, நாலு பொரியையும் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் வயிறு மேலாக மிதந்துகொண்டிருக்கும். "ஆற்று மீன் வீட்டில் தங்காது" என்று பாட்டி ஒரே வரியில் முடித்திருப்பார்.

ஏன் தங்காது? மீனுக்கு வேண்டியது நீர்தானே? நீர் இருந்தது, தீனியும் இருந்தது. பின் எதனால் செத்தது? கேட்பதற்கு எளிய இந்தக் கேள்விக்கு ஓரளவேனும் முழுமையான விடை காண விஞ்ஞானிகளுக்கு 40 ஆண்டுகள் பிடித்தன. விடையின் முதற் பாதியைக் கண்டவர் லண்டனில் வாழ்ந்த ஒரு வேதியியலார். மறுபாதியைக் காணப் பெரிதும் உழைத்தவர்களுள் ஒருவர், அவருடைய சொந்த மகன்!

நீருக்குள் மூச்சு

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் 1 லிட்டரை எடுத்தால் அதில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் 1 லிட்டரில் கரைந்திருக்கக் கூடிய ஆக்சிஜனோ சுமார் 9 மில்லிகிராம்தான். நமக்குக் கிடைப்பதில் முப்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீன் காலம் தள்ளவேண்டும். நீர் சூடேறினால் இதுவும் குறையும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம் மட்டுமே தங்கும். வேடிக்கை என்னவென்றால், நீர் சூடேறும்போது மீனின் உடல் வேகமாக இயங்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதிகமாகும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது.

செலவழிந்த ஆக்சிஜனுக்கு ஈடாக, காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் நீரின் மேற்பரப்பு வழியாக உள்ளே வருகிறது. ஓடும் ஆற்றில் நீர் கல்லில் மோதி நுரைத்துப் புரள்வதால் இது தாராளமாக நடக்கும். வாய் குறுகிய பாட்டிலிலோ, உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஒரு சிறு வட்டத்தின் வழியே பத்துக் குஞ்சுகளுக்கும் மூச்சு வரவேண்டும். கெண்டைகள் இரவில் மூச்சுத் திணறித்தான் இறந்தன. நம் நாட்டு விராலும் பனையேறிக் கெண்டையும் இதற்கு விலக்கு. அவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே நேராக உட்கொள்ளும் உறுப்பு உடையவை. விராலைக் குடத்து நீரில் உயிரோடு சந்தைக்குக் கொண்டுவர முடிவது இதனால்தான்.

நீருக்குள் காற்றை ஏற்றவேண்டும் என்பதை ஐரோப்பாவில் சிலர் அனுபவத்தால் உணர்ந்தனர். 1846-ஆம் ஆண்டில் ஆன்னா தைன் என்ற ஆங்கில மாது, டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவள உயிர்களை லண்டனில் உள்ள தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவற்றைக் காப்பாற்ற அவர் கண்ட வழி எது தெரியுமா? வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த சன்னல் அருகே நின்று, கடல் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவாள். நம் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது போலத்தான். அரை மணி நேரத்துக்கும் மேலாக அவள் ஆற்றிய பின்பே அந்த நீர் பவள உயிர்களுக்குப் போகும். இன்று மின்சாரக் காற்றுக் குழாய் செய்யும் வேலையை அன்று ஒரு பெண்ணின் கைகள் செய்தன. அவள் பெயர் வரலாற்றில் இல்லை.

தந்தையின் தொட்டி

எப்போதும் ஒருவர் நின்று நீரை ஆற்றிக்கொண்டிருக்க முடியுமா? இயற்கையையே அந்த வேலையைச் செய்ய வைத்தால் என்ன? இப்படி எண்ணியவர் ராபர்ட் வாரிங்டன். 1807-இல் பிறந்த இவர், லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாராகப் பணிபுரிந்தவர்.

வெளிச்சத்தில் செடிகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரீஸ்ட்லி, இங்கன்ஹவுஸ் ஆகியோரின் சோதனைகளால் தெரிந்திருந்தது. வாரிங்டன் 1849-இல் 12 கேலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்று நீரும், அடியில் மணலும் சேறும் சில கற்களும் இட்டார். இரண்டு தங்க மீன்களை விட்டார். பள்ளித் தாவரவியல் நூலில் நீங்கள் படித்திருக்கும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச் செடியை நட்டார். சில நாட்கள் எல்லாம் நன்றாக நடந்தது. பின் செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. வாரிங்டன் சோர்ந்துவிடவில்லை. குளத்தில் இந்தக் குப்பையை யார் தின்கிறார்கள் என்று பார்த்தார். நத்தைகள்! ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அழுகலும் பாசியும் நத்தைக்கு உணவாயின. நத்தையின் முட்டையும் குஞ்சும் மீனுக்கு உணவாயின. மீனின் கழிவு செடிக்கு உரமாயிற்று. செடி தந்த ஆக்சிஜன் எல்லாவற்றுக்கும் மூச்சாயிற்று.

1850-இல் இந்தச் சோதனையை லண்டன் வேதியியல் சங்கத்தின் ஏட்டில் அவர் வெளியிட்டார். தொட்டியின் உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த ஏற்பாடு, சமநிலைத் தொட்டி என்ற பெயரில் பின்னர் உலகெங்கும் பரவியது.

கண்ணாடி மோகம்

காலமும் துணை நின்றது. இங்கிலாந்தில் கண்ணாடி மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்தது. 1853-இல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் ஃபிலிப் கோஸ் எழுதிய மீன் தொட்டி பற்றிய நூல் வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது. ஜெர்மனியில் ரோஸ்மேஸ்லர் என்ற இயற்கை அறிஞர், கண்ணாடிக்குள் ஏரி என்று பொருள்படும் தலைப்பில் 1856-இல் ஒரு குடும்பப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதைப் படித்த மக்கள் தத்தம் ஊர்க் குளங்களை நோக்கி வலையோடு கிளம்பினார்கள். கடையில் வாங்கும் வெப்பநாட்டு மீன்கள் அன்று கிடையா. ஊர் நீரில் பிடித்த காட்டு மீனே வீட்டுத் தொட்டியில் நீந்தியது.

இந்த மோகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று கடற்கரைப் பாறைக் குட்டைகளை வழித்தெடுத்தனர். ஃபிலிப் கோஸின் மகன் எட்மண்ட், 1907-இல் எழுதிய தன்வரலாற்று நூலில், தந்தையின் நூல்களே அந்த அழகிய குட்டைகள் அழியக் காரணமாயின என்று வருந்தி எழுதியிருக்கிறார்.

முரட்டு விருந்தாளிகள்

தங்க மீனும் சிறு கெண்டையும் சாதுவானவை. தங்க மீன் பல நூற்றாண்டுகளாக மனிதனோடு பழகியது. ஆனால் சிலருக்கு அது போதவில்லை. தூண்டிலில் சிக்கி, நரம்பு அறுந்துவிடும்படி இழுத்துப் போராடும் மீன்களை ஆங்கிலேயர் விளையாட்டு மீன்கள் என்பர். ஐரோப்பாவில் பைக், பெர்ச். அமெரிக்காவில் பாஸ், சூரிய மீன் ஆகியவை இவ்வகை. இவை பெரும்பாலும் பிற மீன்களையும் பூச்சிகளையும் வேட்டையாடித் தின்பவை. பைக் என்பது முதலை வாய் போன்ற நீண்ட தாடை உடையது. முழு வளர்ச்சியில் 1 மீட்டருக்கு மேலும் நீளும்.

இத்தகைய மீனைத் தொட்டியில் விட்டால் சமநிலைத் தொட்டியின் கணக்கு தவறிவிடும். செடி இருக்கும்; நத்தை இருக்கும்; நீர் பளிங்கு போல் தெளிந்திருக்கும். குழாய் மூலம் காற்றும் ஊதப்படும். ஆனாலும் சில நாட்களில் மீன் செவுள் சிவந்து, மூச்சிரைத்துச் சாகும். காரணம் என்ன?

மீன் உண்ணும் புரதத்திலுள்ள நைட்ரஜன், உடலில் பயன்பட்டு எஞ்சியதும் பெரும்பாலும் அம்மோனியாவாக மாறிச் செவுள் வழியே வெளியேறுகிறது. புலாலே உணவான வேட்டை மீனிடமிருந்து அம்மோனியா மிகுதியாக வரும். ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? அம்மோனியா மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நஞ்சாதலால், தெளிந்த நீரைக் கண்டு ஏமாறுகிறோம். செடிகள் ஓரளவு அம்மோனியாவை உறிஞ்சும். ஒரு வேட்டை மீனின் கழிவு முழுவதையும் உறிஞ்ச நாலு செடிகளால் ஆகாது.

ஆக்சிஜன் விஷயத்திலும் செடிகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டார்கள். இரவில் செடியும் ஆக்சிஜனை உட்கொள்ளும். தொட்டிக்கு வரும் ஆக்சிஜனில் பெரும்பங்கு மேற்பரப்பின் வழியே காற்றிலிருந்து வருவது என்பதை, நியூயார்க் மீன் காட்சிச்சாலையில் பணியாற்றிய சார்லஸ் பிரேடர் முதலியோர் 20-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினர்.

அப்படியானால் வாரிங்டனின் தொட்டி எப்படி நிலைத்தது? அவர் அறியாமலே அதில் வேறொரு கூட்டம் குடியேறியிருந்தது.

மகனின் விடை

வாரிங்டன் 1867-இல் காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 1877-இல், பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தனர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்லக் கசிய விட்டனர். முதல் 20 நாட்கள் மாற்றம் ஏதும் இல்லை. அதன் பின் வெளிவரும் நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றியது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றுவிட்டது. குளோரோஃபார்மை நீக்கிவிட்டு மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றினர். மாற்றம் மீண்டும் தொடங்கியது. மயக்க மருந்தால் நின்று போவது உயிருள்ள பொருளின் வேலையாகத்தானே இருக்கவேண்டும்!

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு வளர்த்தவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். ஆம், மீன் தொட்டி வைத்தவரின் மகன்தான். 1838-இல் பிறந்த இவர், தந்தை தொட்டியில் தங்க மீன்களை விட்டபோது 11 வயதுச் சிறுவர். இவருடைய கவலை மீன் அல்ல. வயலில் இடும் உரம் மண்ணில் என்ன ஆகிறது என்பதே. பல ஆண்டு உழைப்பின் பயனாக, இந்த மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது என்றும், ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் உள்ளன என்றும் காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொன்று நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. தந்தையின் செடிகளுக்கு வெளிச்சம் வேண்டும். மகன் கண்ட நுண்ணுயிர்களோ இருட்டிலேயே நன்றாக வேலை செய்பவை. அவற்றைத் தனியே பிரித்து வளர்ப்பதில் 1890-இல் வெற்றி கண்டவர் சூரிச் நகரில் ஆய்வு செய்த ரஷ்யர் வினோகிராட்ஸ்கி.

தந்தை இட்ட மணலிலும் கல்லிலும் வழுவழுப்பாகப் படிந்திருந்தவை இந்த நுண்ணுயிர்களே. மகன் வயலுக்காகத் தேடிய விடை, தந்தையின் தொட்டிக்கும் விடையாயிற்று. அதைக் காணத் தந்தை உயிரோடு இல்லை.

இன்று மீன் தொட்டியில் வைக்கும் வடிகட்டி, ஷ்லோசிங்கின் மணற்குழாயின் பேரன் எனலாம். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீன்களை நிறைய விடுவதாலேயே பல தொட்டிகள் பாழாகின்றன. வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசுவோர், கொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். கதை இன்னும் முடியவில்லை. இரண்டு படிகளையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா இன பாக்டீரியங்களை 2015-இல் இரு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. அவற்றுள் ஒன்று அகப்பட்டது மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியிலிருந்து!

பைக் மீன் கற்ற பாடம்

நீரைக் காக்கக் கற்றதால் வேட்டை மீனை நெடுநாள் அருகிருந்து பார்க்க முடிந்தது. 1873-இல் கார்ல் மோபியஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலார் ஒரு விந்தைச் செய்தியை எழுதினார். ஒரு தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு. ஒரு புறம் பைக், மறு புறம் சிறு மீன்கள். பைக் இரையைக் கண்டு பாயும். கண்ணாடியில் மூக்கு மோதும். மாதக் கணக்கில் அடிபட்ட பின் பாய்வதை நிறுத்திவிட்டது. பின்பு தடுப்பை எடுத்துவிட்டார்கள். பைக் அந்தச் சிறு மீன்களின் நடுவே நீந்தியும் அவற்றைத் தொடவில்லை. புதிதாக வேறு மீனை விட்டால் மட்டும் விழுங்கியது. 1901-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலார் பெர்ச் மீனை வைத்து இதைத் திரும்பச் செய்து பார்த்தார். அதுவும் பாடம் கற்றது.

மீனுக்கும் நினைவு உண்டு என்பதற்கு இது சான்று. கூடவே, தொட்டி மீன் ஆற்று மீனாகவே இருந்துவிடாது என்பதும் தெரிகிறது. இதே மோபியஸ்தான் 1877-இல் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்து, ஓரிடத்து உயிர்கள் அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்த ஒரு சமூகம் என்ற கருத்துக்குப் பெயர் சூட்டினார். அச்சமூகத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மற்றவை பாதிக்கப்படும்.

திரும்ப விடலாமா?

மீன் வளர்ந்துவிட்டது, தொட்டி போதவில்லை, கொல்லவும் மனமில்லை என்றால் என்ன செய்வீர்கள்? "பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுவேன்" என்பீர்கள். இரக்கமுள்ள பதில்தான். அதன் விளைவைப் பாருங்கள்.

1960-இல் அமெரிக்கா சென்ற ஜப்பானிய இளவரசர் அகிஹிதோவுக்குச் சிக்காகோ மேயர் புளூகில் என்ற சூரிய மீன்களைப் பரிசளித்தார். இளவரசர் மீனியல் அறிந்தவர். உணவுக்கு உதவும் என்று கருதி மீன்வள ஆய்வு நிலையத்துக்கு அவற்றைக் கொடுத்தார். பின்னர் அவை ஏரிகளில் பரவி, ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவிலும் நிறைந்து, உள்நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. ஜப்பானில் உள்ள புளூகில்கள் எல்லாம் 15 மீன்களின் சந்ததியே என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 2007-இல், பேரரசராக இருந்த அகிஹிதோ, தாம் கொண்டுவந்த மீனால் இப்படி ஆயிற்றே என்று மனம் நொந்து வெளிப்படையாகப் பேசினார். ஜப்பானில் 2005 முதல் புளூகிலையும் பாஸ் மீனையும் அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பதே சட்டவிரோதம்.

மற்றொன்று நம் விராலின் உறவினர் கதை. அமெரிக்காவில் ஒருவர் சூப்பு வைப்பதற்காக உயிருள்ள வடசீன விரால்கள் இரண்டை வாங்கினார். அவை சமையலுக்குத் தேவைப்படாமல் போகவே வீட்டுத் தொட்டியில் வளர்த்தார். பெரிதானதும் மேரிலாந்து மாநிலம் கிராஃப்டன் ஊர்க் குளத்தில் விட்டார். 2002-இல் அந்தக் குளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இருப்பது தெரிந்தது. அவை ஆற்றுக்குப் போகாமல் தடுக்க, குளம் முழுவதிலும் மருந்து கலந்து எல்லா மீன்களையும் அரசு கொல்ல நேர்ந்தது. நம் நாட்டிலும், தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன், விட்டவர்களின் இரக்கத்தால் தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டுச் சிறுவன் அடுத்த மழையில் மீனோடு வந்து நின்றால் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். இரண்டொரு மீனை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை, பிடித்த வாய்க்காலிலேயே உடனே விட்டுவரச் சொல்லுங்கள். அகன்ற வாயுள்ள தொட்டி கொடுங்கள். நாள்தோறும் தீனியைக் குறைத்துப் போடவும், வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றவும் பழக்குங்கள். கடை மீன்களோடு சேர்த்து வளர்த்ததை எந்த நீர்நிலையிலும் விடக்கூடாது என்று எச்சரியுங்கள். மணலில் கை வைத்து அந்த வழுவழுப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "இவைதாம் உன் மீனைக் காப்பாற்றுகின்றன" என்று சொல்லி, ஒரு தந்தையின் கதையையும் மகனின் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். பாட்டி சொன்னதில் தவறில்லை: ஆற்று மீன் வீட்டில் தங்காது. ஆற்றில் ஒரு சிறு பகுதியையும் அதனோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் தங்கும்.